துலுக்கச் செவ்வந்தி

கொட்டாஞ்சேனையிலும் ஜிந்துப்பிட்டியிலும் கொச்சிக்கடையிலும் மாலை கட்டுவோர் கைகளில் நாள்தோறும் புரளும் பூக்களுள், நிறத்தால் முந்தி நிற்பது மஞ்சளும் செம்மஞ்சளுமான ஒரு பூ. சிங்கள மக்கள் அதனைத் 'தாஸ்பெத்தியா' என்பர். ஆயிரம் இதழ்ப் பூ என்பது பொருள். தமிழகத்தில் அதற்குத் துலுக்கச் செவ்வந்தி, துலுக்கச் சாமந்தி, செண்டுப்பூ, கேந்தி எனப் பல பெயர்கள் உண்டு. கொழும்பில் நம்மவர் பலர் செவ்வந்தி என்று பொதுப்படச் சொல்லி விடுகின்றனர். அம்மன் கோயில் வாயில் தோரணத்தில் அது தொங்குகிறது, மணப்பந்தரில் தொங்குகிறது, அரசியல்வாதியின் கழுத்திலும் தொங்குகிறது. ஆதிகாலந்தொட்டு இறைவனுக்கு நம் முன்னோர் சூட்டிய பூ இதுவே என்று மனப்பூர்வமாக நம்புவோர் நம்மிடையே ஏராளம். அந்நம்பிக்கை எத்துணை ஆண்டுப் பழைமை உடையது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழர் பூவைப் பற்றிப் பேசப் புகுந்தால் கபிலரைக் கேளாமல் இருத்தல் இயலாது. குறிஞ்சிப்பாட்டிலே, மலைச்சாரலில் மகளிர் கொய்து குவித்த பூக்களாக அவர் 99 பூக்களை நிரல்பட வைக்கிறார். காந்தள் உண்டு, ஆம்பல் உண்டு, வேங்கை உண்டு, தும்பை உண்டு. செவ்வந்தி இல்லை. துலுக்கச் செவ்வந்தியோ இருந்திருக்கவே முடியாது. அது ஏன் என்பதைப் பின்னர்க் காண்போம். ஆயினும் செவ்வந்தியின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடி அப்பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. அது கரந்தை. வயலோரத்தில் சிறு உருண்டைகளாகப் பூக்கும் கொட்டைக்கரந்தையே அது என்பர். பகைவர் கவர்ந்து சென்ற ஆநிரையை மீட்கச் செல்வோர் சூடிய பூ அது. பறித்துச் சென்ற உடைமையை மீட்கும் போருக்கு ஒரு களைப்பூண்டின் பூவை அடையாளமாகக் கொண்ட சமுதாயம் அது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

இக்குடும்பத்தைப் பற்றி ஒரு சொல். சூரியகாந்திக் குடும்பம் என்று நம் பாடநூல்கள் கூறும் இதில் 25,000க்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன. பூக்கும் தாவரக் குடும்பங்களுள் மிகப் பெரியவற்றுள் இதுவும் ஒன்று. ஒரு பூ என நாம் கையில் எடுப்பது உண்மையில் ஒரு பூ அன்று. ஒரே தட்டில் நெருங்கி அமர்ந்த நூற்றுக்கணக்கான சிறு பூக்களின் கூட்டம். ஓரத்தில் இருப்பவை இதழ் போல் நீண்டு வண்டை அழைக்கின்றன. நடுவில் இருப்பவை விதை தருகின்றன. கூந்தல் தைலத்துக்குப் பிழியும் கையாந்தகரை, சிறுவர்கள் வெட்டுக்காயத்தில் கசக்கிப் பிழியும் மூக்குத்திப்பூண்டு ஆகியனவும் இக்குடும்பத்தினவே.

சங்க காலத்துக்குப் பிற்பட்டுச் செவ்வந்தி நம்மிடையே புகழ் பெற்றது. திருச்சிராப்பள்ளி மலைமேல் உறையும் தாயுமானவர்க்குச் செவ்வந்திநாதர் என்றும் ஒரு பெயர். சைவ எல்லப்ப நாவலர் இயற்றிய செவ்வந்திப் புராணம் அத்தலத்தைப் பற்றியது. அதன் கதை கேட்கத்தக்கது. சாரமா முனிவர் என்பவர் தம் கையால் நந்தவனம் அமைத்துச் செவ்வந்தி வளர்க்கிறார். நாள்தோறும் பூ குறைகிறது. திருடிச் செல்பவன் ஒரு பூ வணிகன். பூப் போய்ச் சேரும் இடம் உறையூர் அரண்மனை. முனிவர் அரசனிடம் முறையிடுகிறார். திருட்டுப் பொருளை அனுபவிப்பவனே நீதிபதியாக இருக்கும்போது தீர்ப்பு எப்படி இருக்கும்? அரசன் அசட்டை செய்கிறான். முனிவர் இறைவனிடம் முறையிட, கிழக்கு நோக்கி இருந்த இறைவன் மேற்கே உறையூரை நோக்கித் திரும்ப, மண்மாரி பொழிந்து நகரம் அழிந்தது என்பது கதை. இதனை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. சந்நிதி மேற்கு நோக்கி இருப்பதற்குக் காரணம் கற்பிக்க எழுந்த கதையாகவும் இருக்கலாம். எனினும், பாத்தி கட்டி நீர் இறைத்தவனின் பூ அவன் விருப்பத்துக்கு மாறாக அரண்மனைக்குப் போவது அநீதி என்ற உணர்வு, அரசர்களைப் பாடிப் பிழைத்த காலத்து இலக்கியத்திலும் எங்கோ ஒரு மூலையில் உயிரோடிருந்தது என்பதற்கு அக்கதையே சான்று.

செவ்வந்தியின் தாயகம் சீனம். ஆங்கும் இதே முரண்பாடு உண்டு. கி.பி. 405இல் சிற்றூர் அதிகாரியாக இருந்த கவிஞர் தாவ் யுவான்மிங், மேலதிகாரிக்கு வளைந்து கொடுக்க மனமின்றிப் பதவியை உதறிவிட்டு ஊருக்குத் திரும்பி ஏர் பிடித்தார். அவர் வேலியோரத்தில் வளர்த்த செவ்வந்தி அன்று முதல் சீன இலக்கியத்தில் வணங்கா முடிக்கு அடையாளமாயிற்று. கடலைக் கடந்து ஜப்பானுக்குப் போன அதே பூவோ, 16 இதழ்களுடன் சக்கரவர்த்தியின் முத்திரையாக மாறி அரண்மனைக் கதவில் ஏறிக் கொண்டது. லின்னேயசு என்ற சுவீடன் நாட்டு அறிஞர் தாவரங்களுக்குப் பெயர் சூட்டியபோது இவ்வினத்தின் ஒரு செடிக்கு 'இந்திய' என்னும் அடைமொழியைக் கொடுத்துவிட்டார். சீனத்துச் செடிக்கு இந்தியப் பெயர்! பூக்களின் பெயர்களை நம்பி ஊரைத் தேடுபவன் வழி தவறுவான் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு. நம் கட்டுரையின் நாயகனுக்கு நேர்ந்ததோ இதனினும் விந்தையானது.

துலுக்கச் செவ்வந்தியின் தாயகம் மெக்சிக்கோ. ஆங்குள்ள நாவாத்தல் மொழியில் அதன் பெயர் 'செம்போவால்சோச்சித்தல்'. செம்போவால்லி என்றால் இருபது. சோச்சித்தல் என்றால் பூ. நாம் பத்தாலும் நூறாலும் எண்ணுவது போல அம்மக்கள் இருபதாலே எண்ணினர். ஆகவே இருபது என்பது அவர்களுக்கு நிறைவைக் குறிக்கும் எண். சிங்களவர் ஆயிரம் இதழ் என்றதும் அவர்கள் இருபது என்றதும் ஒன்றே. அசுத்தெக்கு மக்கள் அதனைத் தெய்வங்களுக்குச் சூட்டினர், மருந்தாக்கினர். 1521இல் கோர்த்தேசு என்ற ஸ்பானியத் தளபதி அவர்களது தலைநகரான தெனோச்தித்லானை அழித்தான். கோயில்கள் இடிந்தன, போரிலும், பின்னர் அடுத்தடுத்து வந்த அம்மை முதலிய நோய்களிலும் மக்கள் இலட்சக்கணக்கில் மாண்டனர். பூ மட்டும் மாளவில்லை. வென்றவர்களின் மதத்துக்குள்ளேயே அது புகுந்து கொண்டது. நவம்பர் 1, 2ஆம் நாட்களில் கத்தோலிக்கர் இறந்தோரை நினைவுகூரும் திருநாளில், கல்லறையிலிருந்து வீட்டு வாயில் வரை இப்பூவின் இதழ்களைத் தூவி மெக்சிக்கோ மக்கள் தம் முன்னோரை இன்றும் வரவேற்கின்றனர்.

ஸ்பானியர் கைப்பட்ட விதை சில பத்தாண்டுகளுக்குள் மத்தியதரைக் கடலின் இருகரைகளிலும் முளைத்தது. 1535இல் ஐந்தாம் சார்ள்சு மன்னனின் படை தூனிசு நகரைப் பிடித்தபோது அங்கே இப்பூவைக் கண்டு, ஆபிரிக்காவின் பூ எனக் கருதி ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றதாக ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியாயினும் ஆங்கிலத்தில் பெரிய பூவுக்கு 'ஆபிரிக்க' அடைமொழியும் சிறிய பூவுக்குப் 'பிரெஞ்சு' அடைமொழியும் நிலைத்துவிட்டன. இரண்டும் மெக்சிக்கோவின் பூக்களே. இந்தியக் கரைக்குப் போர்த்துக்கேயர் கப்பல்களில் இது வந்தது என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்து. அன்னாசியும் கொய்யாவும் பப்பாசியும் மரமுந்திரிகையும் புகையிலையும் வந்த வழியே இதுவும் வந்தது.

அப்படியானால் நம்மவர் ஏன் 'துலுக்க' என்றனர்? துருக்கர் என்ற சொல்லின் திரிபே துலுக்கர். கடல் கடந்து வந்த புதுப் பொருளுக்கு, கடல் வாணிகத்தில் தாம் கண்டு பழகிய மக்களின் பெயரை ஏற்றிச் சொல்வது பாமர மக்களின் வழக்கம். இதில் தமிழ் உழவன் தனித்து நிற்கவில்லை. மெக்சிக்கோவிலிருந்து வந்த வான்கோழிக்கு ஆங்கிலேயன் 'துருக்கி' என்றே பெயரிட்டான். அமெரிக்கச் சோளத்தை ஐரோப்பியர் பலர் 'துருக்கிக் கோதுமை' என்றனர். நம் நாட்டிலேயே இதைவிட அருமையான சான்று உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்த மிளகாயை இலங்கைத் தமிழர் கொச்சிக்காய் என்பர். கொச்சி வழியாக வந்த காய், அவ்வளவுதான். கொச்சிக்கடை என்ற ஊர்ப்பெயரையும் கொச்சியிலிருந்து வந்தோருடன் இணைத்துக் கூறுவர். 'துலுக்க' என்ற சொல் பிற்காலத்தில் ஓர் இழிசொல்லாக மாறியது வேறு கதை. அச்சொல்லை வசையாக வீசுவோர், அதே சொல்லைத் தாங்கிய பூவைத்தான் காலையில் தம் சுவாமிப் படத்துக்குச் சூட்டுகின்றனர் என்பதை அறிவாரோ?

அந்நியப் பூ ஒன்று எத்துணை விரைவில் உள்ளூர்ப் பூவாகும் என்பதற்கு இலங்கையிலேயே எழுத்துச் சான்று இருக்கிறது. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த இராபர்ட் நொக்சு, 1681இல் இலண்டனில் வெளிவந்த தம் நூலில், மாலை நான்கு மணியளவில் மலர்ந்து மக்களுக்குக் கடிகாரமாக உதவும் ஒரு பூவைப் பற்றிக் குறிப்பிடுகிறார். சிங்களத்தில் அது செந்திரிக்கா; நமக்கு அந்திமந்தாரை. அச்செடியும் அமெரிக்காவினதே! வேறு குடும்பத்துச் செடிதான். ஆயினும் கொலம்பசு கடலில் இறங்கி இருநூறு ஆண்டு நிறைவதற்குள், வெள்ளையன் கால் பதிக்க அஞ்சிய கண்டி மலைக்குள் அது புகுந்து, விவசாயியின் பொழுதளக்கும் கருவியாகிவிட்டது. எந்த அரசனும் அதற்கு ஆணை பிறப்பிக்கவில்லை. விதையை ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குக் கொடுத்திருப்பாள்.

கொட்டாஞ்சேனைக்கு மீண்டும் வருவோம். 1883ஆம் ஆண்டு மார்ச்சு 25ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, தீபதுத்தாராமய விகாரையை நோக்கி வந்த பௌத்த ஊர்வலத்துக்கும் கத்தோலிக்கருக்கும் இடையே மூண்ட கலவரம் இப்பகுதியின் பெயரை வரலாற்றில் பதித்தது. அந்த விகாரையும், புனித லூசியாள் பேராலயமும், முத்துமாரியம்மன் கோயிலும் ஒன்றிலிருந்து ஒன்று நடந்து செல்லும் தூரத்தில் உள்ளன. மூன்று இடத்திலும் படைக்கப்படும் பூக்களில் மெக்சிக்கோப் பூவுக்கு இடமுண்டு. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், மற்றோர் உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்துப் பலர் மாண்டபின், அவ்வாலயத்தின் முன் பூ வைத்தவர்கள் எல்லா மதத்தினரும் ஆவர்.

பூவுக்கு இத்துணை எளிதாகக் கிடைத்த குடியுரிமை மனிதனுக்குக் கிடைத்ததா? இக்கேள்விக்கு விடை தேட மலையகத்துக்குச் செல்ல வேண்டும்.

1820களில் தொடங்கிய கோப்பித் தோட்டங்களுக்கும், 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தொடங்கிவைத்த தேயிலைக்கும் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட உழைப்பாளர்கள் காட்டை அழித்து மலையைப் பொன்னாக்கினர். அவர்கள் வந்த அதே நூற்றாண்டின் நடுப்பகுதியில் மெக்சிக்கோவின் மற்றொரு செடியும் அழகுக்காக இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. அதுதான் காட்டுச் சூரியகாந்தி. கண்டியிலிருந்து நுவரெலியாவுக்குப் போகும் பாதையோரங்களில் ஆள் உயரத்துக்கு வளர்ந்து மஞ்சளாகப் பூத்து நிற்பதைப் பயணம் செய்தோர் அனைவரும் கண்டிருப்பர். துரைமாரின் தோட்டத்தை விட்டு வெளியேறிய அச்செடி வயலுக்கும் தேயிலைக்கும் பசுந்தாள் உரமாயிற்று. அதன் உலர்ந்த இலையில் ஏறத்தாழ 3.5 விழுக்காடு தழைச்சத்தும் 4 விழுக்காடு சாம்பல் சத்தும் உண்டு. 2021இல் இரசாயன உர இறக்குமதியை அரசாங்கம் ஒரே இரவில் தடைசெய்து, சில மாதங்களில் பின்வாங்கியதே, அந்தக் கொடிய பருவத்தில் இதுபோன்ற பசுந்தழைகளின் பேச்சு மீண்டும் எழுந்தது. தழையை வெட்டிச் சுமந்து மலையேறும் உழைப்பு யாருடையது என்பதை மட்டும் எவரும் பேசவில்லை.

துலுக்கச் செவ்வந்தியும் தேயிலைக்குப் பணி செய்ய அழைக்கப்பட்டதுண்டு. மலைநாட்டுத் தேயிலையின் வேரை அரிக்கும் நுண்புழு ஒன்று தோட்டங்களுக்குப் பெரும் சேதம் விளைவித்தது. துலுக்கச் செவ்வந்தியின் வேரில் உள்ள ஒரு கந்தகச் சேர்மத்தை 1947இல் அமெரிக்க வேதியியலார் பிரித்தெடுத்திருந்தனர். அது நுண்புழுக்களைக் கொல்லவல்லது என்பதை 1958இல் ஒல்லாந்து ஆய்வாளர் காட்டினர். அடுத்த ஆண்டே, 1959இல், தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் விசர், வைத்திலிங்கம் ஆகிய இருவரும் தேயிலை மண்ணில் துலுக்கச் செவ்வந்தியும் வேறு சில பயிர்களும் நுண்புழுத் தொகையை எவ்வாறு பாதிக்கின்றன என்பது பற்றிய தம் ஆய்வை நிலையத்தின் காலாண்டிதழில் வெளியிட்டனர்.

அந்த 1959இல், அதே தலவாக்கலையில் கொழுந்து பறித்த பெண்ணுக்கு நாடில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவளிடம் தகப்பன், பாட்டன் பிறந்த இடத்துக்குச் சான்று கேட்டது. 1947 தேர்தலில் தன் வாக்கால் இலங்கை இந்தியர் காங்கிரசின் 7 உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், 1949இல் வாக்குரிமையையும் இழந்தனர். இடதுசாரிக் கட்சிகள் இச்சட்டங்களை எதிர்த்து நின்றன. அது அவற்றுக்குப் பெருமை. ஆனால் 1964 அக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மனிதர்களைக் கணக்குப் பார்த்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்ப்போம் என்று பங்கிட்டபோது, அரசாங்கத்தில் இடதுசாரிகளும் பங்காளிகளாக அமர்ந்திருந்தனர். இதை நாம் மறைத்துப் பேசுவதில் பயனில்லை. எஞ்சியவர்களை 1974இல் ஆளுக்குப் பாதியாக இரு நாடுகளும் பிரித்துக் கொண்டன. நாடற்றோராய் நின்ற கடைசி மனிதர்க்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது 2003இல். மெக்சிக்கோவின் செடிகள் இரண்டு இம்மண்ணுக்குரியனவாக எவரிடமும் விண்ணப்பப் படிவம் நிரப்பவில்லை. அச்செடிகளை நட்டுத் தழை வெட்டியவர்கள் 55 ஆண்டுகள் காத்திருந்தனர்.

இனிப் பயிரைப் பற்றி. நாற்றங்காலில் விதைத்து மூன்று நான்கு வாரத்தில் பிடுங்கி நடுவர். நட்டு ஒரு மாதமளவில் நுனியைக் கிள்ளி விட்டால் பக்கக் கிளைகள் வெடித்துப் பூ பெருகும். இரண்டு மாதத்தில் பூக்கத் தொடங்கும். மூன்று நாளைக்கு ஒருமுறை, வெயில் ஏறுமுன் பறிக்க வேண்டும். பறிப்பவர் பெரும்பாலும் பெண்கள். தக்காளிப் பயிரில் காய்ப்புழுவை ஈர்த்துக்கொள்ள 16 வரிசைக்கு ஒரு வரிசை துலுக்கச் செவ்வந்தி நடும் முறையை இந்தியத் தோட்டக்கலை ஆய்வாளர் வகுத்துள்ளனர். பூவும் காசாகும், மருந்துச் செலவும் குறையும்.

கசப்பான பகுதி சந்தையிலே தொடங்குகிறது. திருவிழாவுக்கு முதல்நாள் விலை ஏறுகிறது, மறுநாள் விழுகிறது. பறிகூலிக்கும் கட்டாத பூவைத் தமிழகத்து உழவர்கள் தெருவோரத்தில் கொட்டிச் செல்வதைச் செய்தித்தாள்களில் அடிக்கடி காண்கிறோம். 2020இல் கொள்ளைநோய்க்காகக் கோயில்கள் அடைக்கப்பட்டபோது வயலிலேயே பூ வாடியது. இந்நிலையில் வேறொரு வாங்குபவன் வந்திருக்கிறான். இதழின் மஞ்சள் நிறத்தைத் தரும் 'லூட்டீன்' என்ற பொருளைப் பிரித்தெடுத்துக் கோழித்தீவனத்தில் கலக்கின்றனர். முட்டையின் கரு நல்ல மஞ்சளாகத் தெரியும். கண்ணுக்கு நல்லது என்று மாத்திரையாகவும் விற்கின்றனர். கருநாடகத்திலும் தமிழகத்திலும் ஆலைகளோடு ஒப்பந்தம் செய்து பயிரிடும் உழவர்கள் இருக்கின்றனர். விலையை ஒப்பந்தம் முன்னரே நிறுவுவதால் பூவைத் தெருவில் கொட்டும் துயரம் குறைகிறது என்பது உண்மையே. விதையும் விலையும் ஆலையின் கையில் என்பதும் உண்மையே. இவ்வகைப் பூவை மிகுதியாக விளைவித்து உலகச் சந்தையில் முதலிடம் பெற்றிருப்பது இன்று சீனம்.

முன்னெல்லாம் பருவ முடிவில் நல்ல பூக்கள் சிலவற்றைச் செடியிலேயே காயவிட்டு, ஊசி போன்ற கருநிற விதைகளை ஓலைப்பெட்டியில் எடுத்து வைப்பர். அந்திமந்தாரையைப் போலவே கைமாறிக் கைமாறி வந்த விதை அது. இப்போது பொதியில் வரும் கலப்பின விதை பெரிய பூவைத் தருகிறது. ஆனால் அதன் பூவிலிருந்து எடுத்த விதையைப் போட்டால் அதே பூ வருவதில்லை. சிலவற்றில் விதையே பிடிப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு பருவமும் உழவன் கடைக்குப் போகிறான். யாழ்ப்பாணத்திலும் மலையகத்திலும் வீட்டு முற்றங்களில் இன்னும் நிற்கும் பழைய ஒற்றையடுக்குச் செடிகளில்தான் அந்தப் பழைய விதை மிஞ்சியிருக்கிறது. பாடசாலைத் தோட்டம் வைத்திருக்கும் ஆசிரியர்கள் அவற்றைத் தேடி வாங்கி மாணவர் கையால் ஒரு பாத்தியேனும் போடுதல் நன்று. பிரெஞ்சு, ஆபிரிக்க, துலுக்க என்னும் மூன்று பெயர்களையும் எழுதி, பக்கத்தில் மெக்சிக்கோவின் வரைபடத்தை வைத்தால் ஒரு முழு வரலாற்றுப் பாடத்துக்கு அது போதும்.